கடலில்லாத ஊரின் துறைமுகம்

உங்கள் அரசு வழக்கறிஞர் அலுவலகக் காப்பி மட்டம்தான், டாக்டோரா. அதற்காக நீங்கள் வருந்த வேண்டாம். எங்கள் மனிசாலெஸ் மலையில் விளையும் நல்ல கொட்டையெல்லாம் கப்பலேறிவிடுகிறது, மிச்சத்தைத்தான் நாம் குடிக்கிறோம்.

ஒரே ஒரு வேண்டுகோள். சிறையில் என் அறைக் காவலாளி மணிக்கொரு முறை கதவைத் தட்டி, "உயிரோட இருக்கியா?" என்று கேட்கிறார். சிறை விதியாம். அந்தக் கேள்வியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

எங்கள் ஆம்புலன்ஸ் சங்கத்துக்கு ஆறு வண்டிகள். அழைப்பைப் பதிந்து வண்டியை அனுப்பும் மென்பொருளை எங்கள் மூத்த ஊழியர் தோன் எவேலியோ எழுதியிருந்தார். படிக்கட்டுக்கு அடியில் ஒரே கணினியில், மேலே ஒட்டிய மாதா படத்தின் பாதுகாப்பில், பதினோரு வருடம் ஓடியது. அதில் குறையே இல்லை. அதுதான் குறை. பிறகு என்னைப் போன்ற பொறியாளருக்கு அங்கே என்ன வேலை?

அதை நாற்பத்திரண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் கன்டெய்னர் என்று நாங்கள் சொல்லும் தனி மென்பொருள் பெட்டியில் அடைத்து, அத்தனையையும் மேய்க்க மேடை என்ற இன்னொரு மென்பொருளை நிறுவினேன். பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கும் வகை. நிர்வாகக் குழுவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆகவே கைதட்டினார்கள். எவேலியோ மட்டும் சிரித்தார்.

"ஆறு வண்டிக்கு எதுக்குத் தம்பி இத்தனை கன்டெய்னர்? கடலே இல்லாத ஊர்ல துறைமுகம் கட்டுறியே."

மேடை ஒவ்வொரு கன்டெய்னரையும் மூன்று நொடிக்கொரு முறை கேட்கும்: உயிரோடு இருக்கிறாயா? ஒரு நொடிக்குள் பதில் வராவிட்டால் கொன்றுவிட்டுப் புதிதாக ஒன்றை எழுப்பும். எங்கள் தொழிலில் இதற்குத் 'தானே குணமாதல்' என்று பெயர். கொன்ற வேகத்தில் எழுப்புவதால் என் திரையில் விளக்கெல்லாம் எப்போதும் பச்சை. அந்த ஒரு நொடி, நான் வைத்த எண்.

ஏப்ரல் மழையில், ஒரு செவ்வாய் மதியம், மலை சரிந்தது. அழைப்புகள் குவிந்தன. அவற்றைப் பதியும் கன்டெய்னர் வேலையில் மூழ்கி, பதில் சொல்லத் தாமதித்தது. மேடை அதைக் கொன்றது. கையிலிருந்த முகவரிகளும் அதோடு போயின. அடுத்தது எழுந்தது, திணறியது, அதுவும் போயிற்று.

தொலைபேசி எடுக்கும் யோலிமா என் மேசைக்கு ஓடிவந்தாள். "எஞ்சினியர், நான் அடிச்ச முகவரி கண்ணெதிர்லயே மறையுது."

"மறுபடி அடிங்க."

"எதை அடிக்கிறது? அந்தம்மா போன் கட்டாயிடுச்சு. எந்தத் தெருன்னு மண்டையில நிக்கல. பின்னால குழந்தைங்க அழுதுச்சுங்க, எஞ்சினியர்."

அவள் பயந்துவிட்டாள். எனக்கும்தான் பயம். வியாழக்கிழமை பொகோட்டா மாநாட்டில் நான் பேச வேண்டும். தலைப்பு: 'ஓராண்டு, ஒரு நொடிகூட நிற்காமல்'.

எவேலியோ மூச்சிரைக்க வந்தார். "பழைய கணினியை நான் இன்னும் அணைக்கல. லைனை அதுக்குத் திருப்பு, தம்பி. இல்லைன்னா அந்த ஒரு நொடியை முப்பதாக்கு. ஒரே ஒரு எண்ணுதானே."

சரியாகத்தான் சொன்னார். எண்ணை மாற்றினால் அது என் பெயரோடு பதிவாகிவிடும். பழையதற்குத் திருப்பினால் அதைவிட மோசம்: அது வேலை செய்துவிடும்.

ஆகவே படிக்கட்டுக்கு அடியில் போய் அதன் மின்கம்பியைப் பிடுங்கினேன். மறுபடி யாரும் செருகிவிடக் கூடாதென்று கத்தரித்தும் விட்டேன்.

யோலிமா முகவரிகளைக் காகிதத்தில் எழுதத் தொடங்கும்வரை நாற்பது நிமிடம், போக முகவரி இல்லாமல் வண்டிகள் நின்றன.

இப்போது காவலாளி கேட்டால் ஒரு நொடிக்குள் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் பொறுமைசாலி, காத்திருப்பார், தெரியும். இருந்தாலும் தட்டும் சத்தம் கேட்டதும் கதவுக்கு ஓடிவிடுகிறேன்.

இறந்தவர்கள் ஒன்பது பேர் என்கிறீர்கள், அதில் மூன்று குழந்தைகள். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன், டாக்டோரா. ஆனால் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், பிறகு யாரும் தவறாகப் பேசக் கூடாது: அந்த நாற்பது நிமிடமும் மேடை நிற்கவே இல்லை. எல்லாம் பச்சை.