நீல அறையின் சொல்

இவ்வாண்டு வேனில் அவசரமின்றி வந்தது. முதலில் காற்று தன் நடையைக் குறைத்துக்கொண்டது. பின்னர் மரங்கள் தம் நிழலைக் காலடியில் சுருட்டிக்கொண்டு, நெடுநேரம் நின்று களைத்தவர்களைப் போல் அசைவற்றுப் போயின. வானம் துலக்காத வெள்ளித் தட்டைப் போல் மங்கிக் கிடந்தது. பறவைகள் வைகறையையும் அந்தியையும் தமக்கென வைத்துக்கொண்டு, இடைப்பட்ட பொழுதையெல்லாம் மௌனத்துக்கு விட்டுக்கொடுத்தன. வேனிலை நான் வெறுப்பவளல்லள். காத்திருக்கப் பழக்கும் பருவம் அது ஒன்றுதான்.

அதிகாரி அம்மா, இந்த விசாரணை அறையில் மின்விசிறி சுழல்கிறது, காற்றுத்தான் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. கதவின் உட்புறத்தில் பிடி இல்லை என்பதை உள்ளே வந்தவுடன் பார்த்துவிட்டேன். மழலையர் பள்ளியில் வேலை செய்தவர்கள் எங்கே போனாலும் முதலில் கதவைத்தான் பார்ப்பார்கள்.

எங்கள் பள்ளியைப் பற்றிக் கேட்டீர்கள். பெயரில் பன்னாடு, பாடத்தில் பன்மொழி. மூன்று வயதில் உள்ளே வரும் குழந்தை, வெளியேறும்போது நான்கு மொழிகளில் கனவு காணும் என்று முகப்பில் எழுதியிருக்கிறார்கள். அதில் பொய்யில்லை. மழலையர் பிரிவில் மொழிக்கொன்றாக நான்கு அறைகள்: மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம். வாசற்படியைத் தாண்டினால் அந்த அறையின் மொழி மட்டுமே. வேறு மொழியில் குழந்தை எதைக் கேட்டாலும் ஆசிரியருக்குப் புரியாது, புரிந்தாலும் புரியாது. முகத்தில் சினம் கூடாது, சிரிப்பும் கூடாது. ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பதுபோல் குழந்தையைப் பார்க்கவேண்டும். எங்களுக்குள் இதைச் செவி சாத்துதல் என்போம். பள்ளி வண்டி ஓட்டுநர் ஒருநாள் இந்த ஊர் மொழியில், “டீச்சர், நாங்க வாசல்ல செருப்பைத்தான் கழட்டுறோம். நீங்க நாக்கையே கழட்டி வச்சிட்டுல்ல உள்ள போறீங்க” என்றார். நானும் சிரித்தேன். அப்போது வாசலுக்கு வெளியே நின்றிருந்தேன்.

நீல அறை என் பொறுப்பு. என் தாய்மொழி அந்த நான்கில் ஒன்றன்று. அதை நான் இறைவனோடு பேச வைத்திருக்கிறேன். வைகறையில் நீராடிக் கிழக்கு நோக்கி நின்று, ஒரு பதிகத்தை முதற்பாடலிலிருந்து இறுதிப் பாடல்வரை ஓதுவேன். தொடங்கிய பதிகத்தை இடையில் நிறுத்தியதில்லை. என் தந்தையார் மறைந்த காலையில் தொலைபேசி ஒலித்து ஓய்ந்தது. மீண்டும் ஒலித்து ஓய்ந்தது. முடித்த பின்புதான் எடுத்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் உங்களுக்கு இது தேவைப்படும்.

அந்தக் குழந்தையை அவள் தாய் அழைத்துவந்த நாளில், நான் பேசிய இரண்டு சொற்களிலேயே அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“அக்கா, நம்ம பாஷையா நீங்க! இங்க வந்ததுலருந்து வெளியாள் வாயில நான் கேக்கவே இல்ல. இவ வீட்டுல ஒரு நிமிஷம் வாயை மூட மாட்டா. வாயாடின்னே பேராயிடுச்சு. இளைப்பு மட்டும் அப்பப்ப வரும். மருந்துக் குழல் பையிலயே இருக்கு. மூச்சு முட்டுதுன்னு அவளே சொல்லிடுவா. நீங்க இருக்கீங்கள்ல, இனிமே எனக்கென்ன கவலை.”

“நாளையிலருந்து அந்தப் பாஷை எனக்குத் தெரியாதும்மா” என்றேன். “தெரிஞ்சா இவளுக்குத்தான் நஷ்டம்.”

வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று எண்ணி அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேடிக்கை பேசும் வழக்கம் எனக்கில்லை.

வாயாடி முதல் வாரம் முழுவதும் என் பின்னாலேயே வந்தாள். கட்டடத்தில் அவள் மொழி அறிந்தவள் நான் ஒருத்திதான் என்பதைக் குழந்தை அறிந்திருந்தது. ஒருநாள் என் உடையின் ஓரத்தைப் பிடித்து இழுத்து, “டீச்சர், உங்களுக்கு நெசமாவே புரியலையா?” என்றாள். நான் தெருவைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். “பொய்தானே? அம்மாகிட்ட மட்டும் பேசுனீங்க?” என்றாள். அப்போதும் பார்த்தேன். அதன்பின் அவள் பேசவில்லை. நீல அறையில் மட்டுமன்று, எந்த நிறத்திலும் பேசவில்லை. மற்றக் குழந்தைகள் மூன்று மொழிகளில் சண்டையிட்டுக்கொண்டிருக்க, அவள் சுவரோரம் அமர்ந்து தன் காலணியின் வாரைக் கழற்றுவாள், மாட்டுவாள், கழற்றுவாள்.

பருவ இறுதியில், பேசாத குழந்தைகளை மேல்வகுப்புக்கு அனுப்புவதில்லை. இடத்தை வேறொருவருக்குத் தந்துவிடுவார்கள். அவ்வாறு விலக்குமுன் முதல்வரே நேரில் வந்து குழந்தையைக் கேட்பார். அந்தச் செய்தி போனதும் தாய் ஓடிவந்தார். நல்லவேளையாக வாசலுக்கு வெளியேதான் சந்தித்தோம்.

“இவங்கப்பா இந்த ஸ்கூலுக்காகவே இருந்த வேலையை விட்டுட்டு வந்தாரு. இவளை அனுப்பிட்டா நாங்க எங்கக்கா போவோம்? ஒத்தை வார்த்தை போதும். எப்படியாவது பேச வச்சிடுங்க.”

பேச வைப்பதாக வாக்குக் கொடுத்தேன். அதிகாரி அம்மா, நான் வாக்கை எளிதில் கொடுப்பவளல்லள்.

முதல்வர் வருவதற்கு முந்தைய நாள் பிற்பகல். குழந்தைகள் பாயில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். வாயாடி மட்டும் விழித்திருந்தாள். நீல அறைக்குப் பின்னால் கைப்பொம்மைகளும் நாடக உடைகளும் வைக்கும் சிறு அறை ஒன்று உண்டு. அதற்கு ஜன்னல் இல்லை. முயல் பொம்மையைக் காட்டி, எடுத்து வா என்று சைகை செய்தேன். உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அது தானாகவே சாத்திக்கொள்ளும், உள்ளிருந்து திறக்க வராத கதவு என்று உங்கள் உதவியாளரிடம் நேற்றுச் சொன்னேன். உண்மைதான். அதற்காகவே கதவடியில் எப்போதும் ஒரு மரக்கட்டை வைத்திருப்போம். அன்று அந்தக் கட்டையைக் காலால் ஒதுக்கினேன்.

‘திற’ என்பதற்கு நீல அறையின் மொழியில் ஒரு சொல் உண்டு. மிகச் சிறியது, கைதட்டிப் பாடும் பாட்டாகவே அதை நாங்கள் கற்பிக்கிறோம். அந்த ஒரு சொல்தான் அவளுக்கும் மேல்வகுப்புக்கும் இடையில் நின்றது. தாகம் எடுத்தபோது தண்ணீரின் பெயரைக் கற்ற குழந்தை அதை மறந்து நான் கண்டதில்லை. தேவைதான் நல்ல ஆசிரியர். நான் அதற்கு உதவியாள்.

“டீச்சர், கதவு மாட்டிக்கிச்சு.”

எத்தனையோ நாளுக்குப் பின் கேட்ட குரல். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இதை நீங்கள் நம்பவேண்டும்.

“டீச்சர், இருட்டா இருக்கு. டீச்சர், நான் சமத்தா இருக்கேன். முயலைத் தொடவே இல்ல. அம்மாகிட்டப் பேசுன மாதிரி எங்கிட்டயும் பேசுங்க டீச்சர்.”

உதவி ஆசிரியை எட்டிப் பார்த்தாள். சின்னப் பெண், எங்கள் மொழி அறியாதவள். அறையின் மொழியில் கேட்டாள்.

“யாரு, வாயாடியா? என்ன சொல்றா?”

“பாட்டுப் பாடுறா” என்றேன். “தனியா விட்டாத்தான் அவளுக்குப் பாட வருது. கூச்சம். நீ மத்தவங்களைப் பாரு.”

அவள் ஒரு கணம் நின்று கேட்டாள். “பாவம், நல்ல குரல்” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பிறகு வாயாடி, மூச்சு முட்டுது என்றாள். எனக்கு அது கேட்டது, புரிந்தது. செவி சாத்துதல் என்பது புரியாமலிருத்தலன்று. புரிந்ததைத் தாங்கிக்கொண்டு நிற்றல். அவளுடைய பை என் தோளுயரத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கை எட்டாத தூரம் அன்று. ஆனால் வீட்டு மொழியில் கேட்டதற்குக் கொடுத்துவிட்டால், அத்தனை மாதமும் அவளுக்கு நான் செய்ததெல்லாம் வெறும் கொடுமை என்றாகிவிடும். அதை ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை. கதவின் இப்புறம் கைகூப்பி நின்று, குழந்தைக்குச் சொல்லைக் கொடு என்று இறைவனை வேண்டினேன்.

சொல் வந்தது.

மிக மெல்ல, ஆனால் பிழையின்றி, நீல அறையின் மொழியில் வந்தது. சற்று இடைவெளிவிட்டு, கைதட்டிப் பாடுவோமே, அந்த மெட்டிலேயே இன்னொரு முறையும் வந்தது. என் கண்கள் நிறைந்துவிட்டன. கேட்டதைக் கேட்ட கணத்தில் கொடுத்தவனுக்கு நன்றி சொல்லாமல் கதவில் கை வைப்பது எனக்குத் தகுமா? நாவுக்குள்ளேயே பதிகத்தைத் தொடங்கினேன். பத்துப் பாடல்கள், முடிவில் ஒரு வாழ்த்துப் பாடல். நான் விரைந்து ஓதுபவளல்லள். ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய மூச்சைக் கொடுத்து ஓதுவேன். பாதியைக் கடந்தபோது கதவில் தட்டும் ஓசை நின்றது. காத்திருக்கக் கற்றுக்கொண்டாள் என்று எண்ணினேன்.

வாழ்த்துப் பாடலையும் முடித்துவிட்டுத் திறந்தேன். பொம்மைகளின் மேல் சாய்ந்திருந்தாள். காலணிகள் இரண்டையும் கழற்றி, இணையாக வைத்திருந்தாள். உதடுகள் எங்கள் அறையின் நிறத்தில் இருந்தன.

தாய் வந்து, “கடைசியா என்னக்கா சொன்னா?” என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். பேசிவிட்டாள், அறையின் மொழியில், பிழையில்லாமல் என்றேன். வாக்கைக் காப்பாற்றியவள் வேறென்ன சொல்ல முடியும்? அவர் ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். அவ்வளவு நேர்த்தியாகச் செவி சாத்தியவர் எங்கள் ஆசிரியர்களிலும் இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள். கட்டையை ஒதுக்கியது என் கால். பாட்டு என்று சொன்னது என் வாய். மருந்தைத் தொடாதது என் கை. சொல் வந்த பின்பும் கதவைத் திறக்காதவள் நான். யாரும் என்னை ஏவவில்லை. மற்ற ஆசிரியர்கள் இதில் இல்லை. அந்தச் சின்னப் பெண்ணைத் துன்புறுத்தாதீர்கள். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அந்தியாகிவிட்டது போலிருக்கிறது. இங்கே ஜன்னல் இல்லாததால் திசை தெரியவில்லை. கிழக்கு எப்பக்கம் என்று மட்டும் காட்டுங்கள். சிறிது நேரம் நிற்கிறேன்.

நன்றி. ஓதும்போது இடையில் இருமுறை என்னை அழைத்தீர்கள். கேட்டது. மன்னிக்கவேண்டும், தொடங்கிவிட்டால் நிறுத்துவதில்லை என்று முன்பே சொன்னேன்.

சற்றுமுன் கைபேசியில், “அழாதடி தங்கம், அம்மா இதோ வந்துட்டேன்” என்றீர்களே. அந்தக் குழந்தைக்காகவும் ஒரு பாடலைச் சேர்த்து ஓதினேன். நோயின்றி, குறையின்றி நெடுங்காலம் வாழட்டும். எந்தக் கதவுக்குள் அவள் நின்றாலும், அந்தக் கதவுக்குரிய சொல் தாமதமின்றி அவள் நாவில் வந்து அமரட்டும்.