நூறு வார்த்தைக்குள்

சுருக்கமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். அதனால் நீங்கள் கேட்டதற்கு நேராகவே வருகிறேன், ஐயா.

பத்திரிகையில் தேர்தல் பக்கத்தைப் பார்ப்பவன் நான். ஒவ்வொரு தேர்தலுக்கும் எல்லா வேட்பாளர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலை அவரவர் படத்துக்குக் கீழே போடுவோம். நூறு வார்த்தை. அதற்கு மேல் போனால் கடைசியிலிருந்து வெட்டு. எழுதியவர் மந்திரியானாலும் மளிகைக்கடைக்காரரானாலும் ஒன்றுதான். இப்படி ஓர் அளவு வைக்காவிட்டால் தாங்காது. ஒருவர் தான் பிறந்த கதையிலிருந்து தொடங்கினார். நூறு வார்த்தை தீர்ந்தபோது அவருக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. அலுவலகத்தில் எனக்குக் 'கத்திரி' என்று பெயர். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு வார்த்தையைக்கூட நான் மாற்றியதில்லை. 'வேட்பாளர்களின் சொந்த வார்த்தைகளில்' என்று பக்கத்தின் தலையிலேயே போடுகிறோம்.

இந்தத் தடவை கிழக்கு வார்டில் நின்ற ஐந்து பேரில் ஒருத்தி என் தங்கை.

அந்த வார்டின் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். அதை மூடிவிட்டு, ஊரின் மறுகோடியில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிட நகரசபை திட்டம் போட்டிருந்தது. அதைத் தடுக்கத்தான் நின்றாள். பதவி ஆசை துளியும் கிடையாது. அவள்தான் ஜெயிப்பாள் என்று எல்லாரும் சொன்னார்கள். அங்கே பாதிப் பிள்ளைகளை முதலில் கையில் ஏந்தியவள் அவள்.

அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தவன் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ராத்திரி எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இருவரும் வம்பளப்பதுதான் எனக்கிருந்த ஒரே சுகம். தேர்தலில் இறங்கியதும் அது நின்றுபோனது. வீடு முழுக்க ஆட்கள், செருப்புகள், நோட்டீஸ் கட்டுகள். என் தட்டை மூடிவைத்துவிட்டு அவள் வீடுவீடாகப் போய்விடுவாள். தோற்றுவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

மற்ற நால்வருக்கும் கேள்வி அலுவலகத்திலிருந்து போனது. அவளுக்கு வீட்டில் நானே வாயால் சொன்னேன்.

"ஆஸ்பத்திரியை மூடலாமா, கூடாதா? இதுதான் கேள்வி."

"எத்தனை வார்த்தைண்ணா?"

"இருநூறு வரைக்கும் போகலாம். தாராளமா எழுதும்மா."

என் தங்கை வாதாடும் விதம் எனக்குத் தெரியும். வீட்டுக்கு மின்விசிறி வாங்குவதானாலும் முதலில் என் பக்கத்து நியாயத்தை, நான் சொல்வதைவிட நன்றாக, எடுத்துச் சொல்வாள். நான் மகிழ்ந்துபோய்த் தலையாட்டிய பிறகுதான் அவள் பக்கம் வரும். அப்புறம் என் வாதம் எடுபடாது. எதிராளியை மதிக்காமல் அவளுக்குப் பேச வராது.

அப்படித்தான் எழுதியும் கொடுத்தாள். மூடுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கட்டடம் பழையது, கூரை ஒழுகுகிறது, டாக்டர் பாதி நாள் வருவதில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் எல்லா வசதியும் உண்டு. முதல் பாதி முழுக்க இதுதான். அப்படியிருந்தும் ஏன் மூடக்கூடாது என்பது இரண்டாம் பாதியில் இருந்தது. வலியெடுத்த பெண்ணுக்கு ஊரின் மறுகோடி எவ்வளவு தூரம் என்று எழுதியிருந்தாள். அதை நான் இரண்டு தடவை படித்தேன். பிறகு நூறாவது வார்த்தையோடு வெட்டினேன்.

பத்திரிகை வந்த அன்று மதியத்துக்குள் அவளுடைய நோட்டீஸ்களைக் கிழித்து எங்கள் வாசலில் எறிந்திருந்தார்கள். "நர்ஸக்கா, நீங்களுமா இப்படி?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். அப்போது அவள் மாசமாக இருந்தாள். தங்கை அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள்.

"மீதியை நாளைக்காவது போடுங்கண்ணா."

"உனக்குப் போட்டா எல்லாருக்கும் போடணும்மா. நூறுதான்னு சொன்னேனே, கவனிக்கலையா?"

தன் காதைவிட என் வாயை நம்புகிறவள் அவள்.

"அலைச்சல்ல நான்தான் தப்பா காதுல வாங்கிட்டேன் போல," என்றாள். "என்னால உங்களுக்கு ஆபீஸ்ல கெட்ட பேரு ஒண்ணும் வரலையே?"

வரவில்லை என்றேன்.

தோற்றாள். ஆஸ்பத்திரியைப் பூட்டினார்கள். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வலியெடுத்தபோது தங்கைதான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். பாலத்தின் மேல் வாகனங்கள் நகராமல் நின்றன. குழந்தையை அங்கேயே எடுத்துவிட்டாள். ரத்தத்தை நிறுத்த அவளிடம் ஒன்றும் இல்லை. தாய் அவள் மடியிலேயே போனாள். அந்தப் பெண்ணின் கணவர் கொடுத்த மனுதான் உங்கள் மேசைமேல் இருக்கிறது. நர்ஸக்கா அப்படி எழுதியிருக்கவே மாட்டார் என்கிறார். அவர் சொல்வது சரி.

தங்கை இப்போது வேலைக்குப் போவதில்லை. வீட்டுக்கு யாரும் வருவதும் இல்லை. இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் தலை நிமிராமல் கேட்பாள்.

"நான் ஒழுங்கா எழுதியிருந்தா அவ பொழைச்சிருப்பா இல்லண்ணா? நீங்க சொன்னதை நான் சரியா கேட்டிருக்கணும். என்னை மன்னிச்சிடுங்க."

அப்போது என் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கும், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கேட்ட ஒவ்வொரு தடவையும் நான் மன்னித்திருக்கிறேன்.