நான்கு நமஸ்காரம்

பஞ்சாங்கம் பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெருவில் யார் வீட்டில் திதி, சீமந்தம் என்றாலும், வாத்தியாரிடம் போவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நேசையன் சார், நீங்கள் நாகர்கோவில்காரர், தமிழ் படிப்பீர்கள் என்பதால் இதைத் தமிழிலேயே எழுதித் தருகிறேன். உங்கள் போலீஸ் ஸ்டேஷன் பேனா நன்றாக எழுதுகிறது.

என் பெயர் சேஷன். வயது ஐம்பத்திரண்டு. அரசாங்க ஆபீசில் சூப்பரிண்டெண்ட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை சீதாலக்ஷ்மிக்கு நாற்பத்தொன்று, பெண்கள் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அம்மா போன பிறகு பதினாறு வருஷமாக வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஐந்தரைக்குக் காப்பி, எட்டே முக்காலுக்குச் சாப்பாடு, எல்லாம் அதனதன் நேரத்தில் நடக்கும். எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்கும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

வெங்கடசுப்ரமணியன் என்பவர் டில்லியில் என்ஜினீயர், மனைவியை இழந்தவர். ஒரு கல்யாண வீட்டில் அவளுக்குப் பழக்கமாகி, கடிதம் எழுதத் தொடங்கி, கடைசியில் ஐப்பசியில் கல்யாணம், கையோடு டில்லிப் பயணம் என்று வந்து நின்றது. என்னிடம் சொன்னபோது எல்லாம் முடிவாகியிருந்தது. ரொம்ப சந்தோஷம் என்றேன். அன்று காப்பியில் சர்க்கரை கூடிப்போயிருந்தது. அதைக்கூட நான் சொல்லவில்லை.

எங்கள் அப்பாவுக்கு இரண்டு கண்ணுக்கும் கீழே சதை பை மாதிரித் தொங்கும். அது எனக்கு வரவில்லை, அவளுக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்து அதை எடுத்துவிடுவது என்று தீர்மானித்தாள். அப்பாவின் முகத்தில் இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். எனக்கு மனசு கசந்தது என்பதை ஒளிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

"அண்ணா, ஆவணியில அப்பா ஸ்ராத்தம் என்னிக்கு வர்றதுன்னு பாத்துச் சொல்லேன். அதுக்குத் தக்கன டாக்டர்ட்ட நாள் கேக்கணும்" என்றாள்.

பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்து, ஆவணிக் கடைசியில் என்று சொன்னேன். அவள் ஆவணி முதல் வாரத்துத் திங்கட்கிழமையைக் கேட்டு வாங்கினாள்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. டாக்டர் சுசீலாபாய் கெட்டிக்காரி. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மலையாளமும் தமிழுமாக விவரமாகச் சொன்னார். இரண்டு தலையணை வைத்துத் தலையைத் தூக்கிப் படுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குக் குனியவே கூடாது. "கண்ணு வெளியில தள்ளி வந்தாலோ, வேதனை சகிக்க முடியாம ஆனாலோ, பார்வை மங்கினாலோ, உடனே கொண்டுவரணும் கேட்டோ. உள்ளே ரத்தம் கட்டினா நரம்பு போயிடும். ஒரு மணிக்கூர்கூடத் தாமசிக்கக் கூடாது." அதை ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

நான் கவனித்துக்கொண்டதில் யாரும் குறை சொல்ல முடியாது. சோடாக் கடையில் ஐஸ் வாங்கிவந்து, மணிக்கொரு தரம் துணி நனைத்துக் கண்ணில் வைத்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். "உனக்கு இத்தனை பொறுமை இருக்குன்னு தெரியாமப் போச்சே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இரண்டு நாளும் எங்கள் வீடு பழையபடி இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அவளிடம், பஞ்சாங்கத்தில் பக்கம் தவறிப் பார்த்துவிட்டேன், அப்பா திதி நாளைக்கு என்று சொன்னேன்.

மறுநாள் ஸ்ராத்தம் முறைப்படி நடந்தது. பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்ததும் வீட்டுப் பெண்கள் நமஸ்காரம் செய்ய வேண்டும். வாத்தியார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உடம்பு முடியாதவா கை கூப்பினாலே போறும்" என்றார். அவர் நல்ல மனுஷர்.

நான் தாழ்ந்த குரலில் சொன்னேன்: "அப்பா மூஞ்சியை அறுத்துப் போட்டாச்சு. அவர் வந்திருக்கிற நாள்ல தலையும் குனியமாட்டியா?"

அவள் நான்கு முறை மண்டியிட்டு, நெற்றி தரையில் பட நமஸ்கரித்தாள். நாலாவது முறை எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றரை மணிக்கு முதலில் கூப்பிட்டாள். "அண்ணா, இடது கண்ணுக்குள்ள என்னமோ முட்டறது. தாங்க முடியல்லை." துணியை விலக்கிப் பார்த்தேன். கண் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. ஹோமப் புகைதான் என்றேன். இரண்டு மணிக்கு, பாதி இருட்டாகத் தெரிகிறது, டாக்டரிடம் போகலாம் என்றாள். பாலத்து முக்கில் டாக்சி நிற்கும், ஐந்து நிமிஷ நடை. போன் பண்ணிக் கேட்டுவிட்டு வருகிறேன், எழுந்திருக்காதே என்று சொல்லிவிட்டுப் போனேன்.

நான் போன் பண்ணவில்லை. ஆற்றுப் பாலத்தின் மேல் நின்றேன். ஆவணி மழையில் தண்ணீர் கலங்கிப் போய்க்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்த சீட்டை எடுத்து ஒருமுறை படித்து, மறுபடி செருகிக்கொண்டேன். திரும்பிவந்து, "டாக்டர் பயப்பட வேண்டாம்னுட்டா. நாளைக்குக் கார்த்தால பாக்கலாமாம்" என்றேன். அவள் என்னை நம்பினாள். நம்பாமலிருக்க நான் எப்போது காரணம் கொடுத்தேன்? அழுதால் தையலுக்கு ஆகாது என்றேன், அழுகையைக்கூட அடக்கிக்கொண்டாள். ஐந்தரைக்கு, ஒன்றுமே தெரியவில்லை என்றாள். வலி குறைந்திருப்பதாகவும் சொன்னாள். அதன் பிறகு டாக்சி கொண்டுவந்தேன்.

டாக்டர் சுசீலாபாய் தையலைப் பிரித்து ரத்தத்தை வடித்தார். கண் உள்ளே போயிற்று, பார்வை திரும்பவில்லை. இப்போது அந்தக் கீழ் இமை வெளிப்பக்கம் மடிந்து தொங்குகிறது. அப்பாவின் கண்ணைவிட மோசமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அண்ணா, நீ பஞ்சாங்கம் தப்பாப் பாத்ததே இல்லையே." நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காப்பி வாங்கப் போனேன். உங்களுக்குச் சொல்கிறேன்: தப்பாகப் பார்க்கவில்லை. வாத்தியாரிடம் ஒரு மாதத்துக்கு முன்பே அந்த வியாழக்கிழமையைச் சொல்லி வைத்திருந்தேன், கேட்டால் சொல்வார். கல்யாணம் தள்ளிப்போக வேண்டும் என்றுதான் நினைத்தேன், கண்ணைப் பற்றி நினைக்கவில்லை. பாலத்தில் நின்றபோது நினைத்தேன்.

வெங்கடசுப்ரமணியன் டில்லியிலிருந்து வந்து, அதே ஐப்பசியில் அதே முகூர்த்தத்தில் கல்யாணம் என்கிறார். எனக்கு அது எதிர்பாராதது. டாக்டருக்கு அன்று போன் வரவே இல்லை என்று விசாரித்து அறிந்து உங்களிடம் மனுக் கொடுத்ததும் அவர்தான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெளி மனுஷருக்கு எங்கள் வீடு புரியாது.

எழுத வேண்டியதெல்லாம் எழுதிவிட்டேன். என்னைச் சாயங்காலம் ஆறு மணிக்குள் வீட்டுக்கு விட்டால் உபகாரம். அவளுடைய வலது கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். இரண்டு நாளாக எரிகிறது என்கிறாள். நான் சீசாவை எடுத்தாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள். தலையைப் பிடித்து, இமையை விரித்துத்தான் விட வேண்டியிருக்கிறது. இனி அவளுக்கு இருப்பது அந்த ஒரு கண்தான், சார். அதைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?