மூன்று சோப்பு, இரண்டு கை

எந்தச் சோப்பை எதற்குப் போடுவது என்று தெரியாமலேயே பாதிப் பேர் குடும்பம் நடத்துகிறார்கள். என் வீட்டில் உடம்புக்கு ஒன்று, துணிக்கு நீலக்கட்டி, பாத்திரத்துக்கு ஒன்று, தரைக்குத் தனியாகத் தூள். மாற்றிப் போட்டால் மனைவியோடு இரண்டு நாள் பேசமாட்டேன். இப்பேர்ப்பட்ட ஆள்தான் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். கம்பெனிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஐயா, நீங்கள் கேட்டது 2006 தீபாவளி சீசனைப் பற்றி. மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். நானும் சட்டத்தை மதிப்பவன்தான், பதிவேட்டில் நான்கு பெயருக்கு மேல் எழுதவே மாட்டேன். ஆர்டர் நெருக்கியதால் எங்கள் கம்பெனியில் வேலைபார்த்த வேல்விழியை ஐந்தாவதாக உட்காரவைத்தேன். மத்தியானம் அறை வெடித்தது. பதிவேட்டில் இருந்த நான்கு பேரும் முறைப்படி செத்துப்போனார்கள். வேல்விழிதான் ஒழுங்கில்லாமல் வாசலுக்கு வெளியே வந்து விழுந்து கிடந்தாள்.

யாருக்கோ சோறு கொண்டுவந்தவள் என்று விசாரிக்க வரும் அதிகாரியிடம் சொல்லிவிடலாம். முகம் வெந்திருந்தது, அதனால் இடைஞ்சல் இல்லை. கைகள்தான் காட்டிக்கொடுத்தன. வருஷக்கணக்கில் அலுமினியப் பவுடரை அளைந்த கைகள். முழங்கை வரை வெள்ளிப் பூச்சு, நகக்கண்ணில்கூட மினுமினுப்பு. சோறு கொண்டுவருகிறவள் கை அப்படியா இருக்கும்?

குழாயடிக்குத் தூக்கிப்போனேன். முதலில் குளியல் சோப்பு. நுரைதான் வந்தது. பிறகு நீலக்கட்டி, மேல்பூச்சு கரைந்தது. நகத்துக்குப் பாத்திரச் சோப்பும் தேங்காய் நாரும். வேன் டிரைவர் காசிராஜன் கேட்டில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். பொறுமையில்லாத பிறவி.

"கை நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி. நெஞ்சுதான் அடைக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்களேன்."

ஆமாம், பேசினாள். பேசுகிறவள் இன்னும் கொஞ்ச நேரம் தாங்குவாள் என்று யாரும் நினைக்கத்தானே செய்வார்கள்.

"இந்தா முடிஞ்சிருச்சு தாயி, விரல விரி" என்றேன்.

நல்ல பிள்ளை, விரித்தாள். நாற்பது நிமிடம் ஆனது. வேனில் ஏற்றும்போது கைகள் படு சுத்தம். மூச்சு இல்லை. உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். அவர் அப்படிச் சொல்வதற்காகவே படித்தவர்.

சாயங்காலம் அவள் தாய் கருப்பம்மாள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். முகத்தில் அடையாளம் தெரியவில்லை. கையைத் தூக்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"இது எம்புள்ள இல்லய்யா. எம்மக கை தகதகன்னு கெடக்கும். அங்கன போயித் தேடுங்க, எங்கனயாவது உசுரோட கெடப்பா" என்று சிரித்தபடியே வெளியே ஓடினாள்.

அன்று அந்த ஆஸ்பத்திரியில் சிரித்தவள் அவள் ஒருத்திதான். அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தவன் நான். அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.