கம்பி கழட்டுற நாள்

இல்ல அண்ணாச்சி, நான் உள்ள வரல. நீங்க போயி உக்காருங்க, ஃபேன் ஓடுது. நான் இங்கன வேப்பமரத்தடியிலயே நிக்கேன்.

எம்மவ உள்ள இருக்கா. சத்யப்பிரியா, பன்னெண்டாவது படிக்கா. இன்னைக்குப் பல்லுக் கம்பியக் கழட்டுதாக. அவ அம்மா கூட இருக்கா.

உங்க பையனுக்கும் கம்பியா? தைரியமாப் போடுங்க, நல்ல டாக்டரு. எம்மவளுக்குன்னே ரப்பர் இல்லாத நீலக் கிளவுஸ் வாங்கி வச்சிருக்காரு. மத்தவுகளுக்குக் கம்பியில குட்டிக் குட்டி ரப்பர் வளையம் மாட்டுவாரு, இவளுக்கு மெல்லிசு கம்பியாலயே முறுக்கி விடுவாரு. காலையில ரூமு சுத்தமா இருக்கையிலயே இவளத்தான் மொத ஆளா உக்கார வைப்பாரு.

ஆமா, அவளுக்கு ரப்பர் ஆகாது.

மொத நாளு அவரு கேக்கத்தான் செஞ்சாரு. ஏம்மா, பலூன் ஊதுனா உதடு வீங்குமா, அரிக்குமான்னு. அவ என்னையத் திரும்பிப் பாத்தா. பாத்துட்டு, இல்ல டாக்டர்ன்னுட்டா. அவரும் நம்பி, ரப்பர் கிளவுஸோட வாயில கைய வச்சாரு. செத்த நேரத்துல மூஞ்சி பூரா வீங்கி, மூச்சு விட ஏலாமக் கெடந்தா. ஊசியப் போட்டு, ஆம்புலன்சுல கொண்டு போயித்தான் பொழைக்க வச்சாக.

பொறவு கேட்டா, சின்னப்புள்ளையிலயே அவளுக்குத் தெரியுமாம். எங்கட்ட சளி, தூசின்னே சொல்லிச் சமாளிச்சிருக்கா. நெனைக்க நெனைக்க நெஞ்சு ஆற மாட்டேங்கு.

இப்ப ஆத்தாளும் மவளும் செட்டியார்பட்டியில, கொழுந்தியா வீட்டுல இருக்காக. நான் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல. சண்டையா? அதெல்லாம் இல்ல.

குளிச்சு, துவைச்ச சட்டை போட்டுத்தான் வந்திருக்கேன். போன மாசமும் அப்படித்தான் வந்தேன். மவ பக்கத்துல வந்து உக்காந்தா. ரெண்டு தும்மல், பொறவு கண்ணு செவந்து வீங்கிருச்சு. வீடு பூரா அந்தப் பவுடருதான், எம்புட்டு அலசுனாலும் துணிய விட்டுப் போக மாட்டேங்கு.

என்ன பவுடரா? பலூன்ல தடவியிருக்கும்லா, அது. ரப்பரு அதுலயும் ஒட்டிக்கிருமாம்.

நான் பலூன் யாவாரி அண்ணாச்சி. ஆண்டாள் கோயில் பக்கம் விக்கேன். மில்லுல வேலை கேட்டுப் பாத்தேன், இந்த வயசுக்கு மேல வேண்டாம்னுட்டாக. கம்பி போட்டதே பலூன் வித்த காசுலதான். அப்பன் யாவாரம் போயிருமேன்னுதான் அன்னைக்கு அவ இல்லன்னிருக்கா. அவளத் தூக்கி வளத்ததும் இந்தக் கைதான்.

அந்தா, கதவு தொறக்குது. அண்ணாச்சி, செத்த எனக்கு முன்னால வந்து நில்லுங்க. என்னையக் கண்டா ஓடியாந்து கட்டிக்கிருவா.