எட்டாவது நாற்காலி

மேடையில் எனக்கும் ஒரு நாற்காலி போடுங்கள் என்று கேட்டேன். நான் கேட்டது அவ்வளவுதான்.

எங்கள் சேவைச் சங்கத்தின் மேடையில் எப்போதும் ஏழு நாற்காலிகள். வெள்ளை உறை மாட்டி, முதுகில் நீல நாடாவால் பூ முடிச்சுப் போட்டவை. உதவி வாங்குகிறவர்களுக்குக் கீழே முதல் வரிசையில் உறையில்லாத பிளாஸ்டிக் நாற்காலி. பெயரைக் கூப்பிட்டதும் ஏறி, வாங்கி, படத்துக்கு நின்று, பக்கவாட்டுப் படியில் இறங்கிவிட வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பட்டம் வாங்கும்வரை வருடா வருடம் அப்படி ஏறி இறங்கியவள் நான். எங்கள் அப்பா அந்த ஏழு பேரின் சட்டைகளுக்கும் இஸ்திரி போடுகிறவர். முதல் தடவையே என்னிடம் சொல்லிவிட்டார்.

“குடுக்கறத வாங்கிக்க. அவங்களுக்குச் சமமா உக்காரணும்னு மட்டும் என்னிக்கும் கேட்டுடாத, தாயி.”

படிப்பு முடிந்ததும் சங்கத்து அலுவலகத்திலேயே வேலை கொடுத்தார்கள். வருகிறவர்களிடமெல்லாம் தலைவர் என்னைக் காட்டி, “நம்ம பொண்ணு. நம்ம சங்கம் படிக்க வெச்ச பொண்ணு” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் உதவி என்பது சங்கத்து விதி. அந்த வருடம் படிவத்தை நிரப்பி, படமும் ஒட்டி வைத்திருந்தவள் அக்கா. அவளுக்குப் பதினாறு வயது. கடைசி நாள் காலையில் தன் பெயரை அடித்து என் பெயரை எழுதினாள். தன் படத்தைப் பிய்த்தால் தாள் கிழியும் என்று அதன் மேலேயே என் படத்தை ஒட்டினாள்.

“எனக்குக் கணக்கு வராதுடி. உனக்காவது வருது” என்றாள். அவளுக்குக் கணக்கு நன்றாகவே வரும். மறுமாதம் தையல் கம்பெனிக்குப் போனாள்.

இந்த வருடம் சங்கம் இரண்டு ஆண்டாக நிதி திரட்டி ஆம்புலன்ஸ் வண்டி வாங்கியது. வீடு வீடாகப் போனது நான். நோட்டீஸ் எழுதியது நான். அந்தத் துணிச்சலில்தான் தலைவரிடம் நாற்காலியைக் கேட்டேன். அவர் சிரித்தார்.

“அதுக்கென்னம்மா, எட்டாவதா ஒண்ணு போட்டுட்டாப் போச்சு. விழா நல்லபடியா முடியட்டும். வண்டி உன் பொறுப்பு. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு கீறல் விழக் கூடாது.”

திங்கட்கிழமை வண்டி வந்தது. சங்கத்துக் கொட்டகையில் நிறுத்தினோம். முன்பக்கம் குறுக்கே சிவப்பு ரிப்பனை நானே கட்டினேன். சாவி என் மேசை இழுப்பறையில்.

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு அக்கா போன் செய்தாள். அவளுக்கு எட்டாம் மாதம். தண்ணீர் பிடித்து வைக்கும்போது ரத்தப்போக்கு ஆரம்பித்துவிட்டது. வீட்டில் யாருமில்லை. மாமா, அவள் கணவர், வேலைக்குப் போயிருந்தார்.

“ஆஸ்பத்திரி வண்டி வேற எங்கியோ போயிருக்காம், ஒரு மணி நேரம் ஆகுங்கறாங்க. உங்க சங்கத்து வண்டி வந்துடுச்சாடி?”

“இன்னும் வரலக்கா. வெள்ளிக்கிழமதான் வரும்” என்றேன்.

“சரி விடு. ஆட்டோ பாத்துக்கறேன். நீ பதறாத. நாற்காலில உக்காரும்போது மட்டும் நல்லா நிமுந்து உக்காரு. மாமாவ போட்டோ எடுக்கச் சொல்லியிருக்கேன்.”

எதிரே புது வண்டிக்கு வைத்த ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தார். “யாரும்மா?” என்றார். ராங் நம்பர் என்றேன்.

திறப்பதற்கு முன்னால் வண்டியைத் தொடக் கூடாது என்பது அவர்கள் போட்ட உத்தரவு. அன்றிலிருந்து எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ரிப்பன் இரண்டு நிமிடத்தில் அவிழ்த்துக் கட்டக்கூடியதுதான், முடிச்சைப் போட்டவள் நான். புது இருக்கையில் ரத்தக் கறை பட்டால் வெள்ளிக்கிழமைக்குள் போகுமா என்று யோசித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டியில் போனால் பதினைந்து நிமிடம். ஆட்டோ கிடைத்து, நெரிசலில் மாட்டி, போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. ஆஸ்பத்திரி வாசலிலேயே அக்கா போய்விட்டாள். குழந்தையும் இல்லை. அரை மணி முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்று நர்ஸ் அழுதாள். மாமா என் தலையில் கை வைத்து, “நீ எங்க வண்டி கிடைக்கும்னு எத்தன பேரக் கேட்டிருப்ப, எனக்குத் தெரியாதா” என்றார்.

சங்கம் விழாவை இரண்டு வாரம் தள்ளிவைத்தது. எட்டாவது நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன். நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன்.

பிறகு இரண்டாவது வண்டிக்கு நிதி திரட்டலாம் என்று பேச்சு வந்தது. ‘அன்று ஒரு வண்டி இருந்திருந்தால்’ என்று நோட்டீஸுக்குத் தலைப்பு வைத்தவள் நான்தான். அக்காவின் படம் கேட்டார்கள். அலமாரியிலிருந்து பழைய படிவத்தை எடுத்து, என் படத்தை ஈரத் துணியால் ஊறவைத்து உரித்தேன். அடியில் அவள் இருந்தாள், இரட்டைப் பின்னலோடு.

இன்று காலை அச்சுப் பிரதி வந்தது. தலைவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“உருக்கமா எழுதியிருக்கம்மா. நிதி திரட்டற விழாவுக்கு உங்க மாமாவையும் கூட்டிட்டு வா. அவருக்கும் மேடையில ஒரு நாற்காலி போட்டுடலாம்.”

“அன்னிக்கு வண்டி கொட்டகையிலதான் இருந்தது, சார்” என்றேன்.

“இருந்தது. திறக்காத வண்டி, அதான் நோட்டீஸ்ல இல்லன்னு போட்டோம். உங்க அக்கா உனக்குப் போன் பண்ணாமயே ஆட்டோ ஏறிட்டாங்கன்னு நீதானே சொன்ன, நாம என்ன செய்ய முடியும்?”

“பண்ணாங்க. வண்டி வரலன்னு சொன்னேன்.”

அவர் என்னைத் திட்டுவார், நானும் திருப்பிக் கேட்கலாம் என்று காத்திருந்தேன். இத்தனை வருடமாகச் சேர்த்துவைத்த கோபம் முழுக்க நாக்கு நுனியில் இருந்தது. உங்கள் ரிப்பன், உங்கள் மேடை, உங்கள் ஏழு நாற்காலி.

“ஏம்மா,” என்றார் மெதுவாக, “எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? நானே வந்து ரிப்பன அவுத்து விட்டிருப்பேனே.”

உண்மை. அவர் அவிழ்த்துத்தான் விட்டிருப்பார். பெருமையடித்துக்கொண்டாவது விட்டிருப்பார். நாற்காலியைக் கேட்கத் தெரிந்த எனக்கு வண்டியைக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் மறுபடியும் உதவி வாங்குகிறவளாகிவிடுவேன், மறுபடியும் கீழ் வரிசை. அக்காவைக் கொன்றது ரிப்பனும் இல்லை, இவர்களும் இல்லை.

“சரி, நடந்தது நடந்துபோச்சு. நமக்குள்ளயே இருக்கட்டும்” என்று அவர் நோட்டீஸை மடித்தார். “உன் வாழ்க்கைய நீ பாக்கணும்ல?”

கண்ணாடிக் கதவு வைத்த அலமாரியைத் திறந்து அக்காவின் படிவத்தை எடுத்துப் பையில் வைத்தேன். சாவிக்கொத்தை மேசையில் வைத்தேன்.

“எங்க போற?”

“மாமா வீட்டுக்கு. அங்கேருந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு.”

அவர் ஏதோ சொன்னார். காதில் வாங்கவில்லை. வாசலில் வண்டி நின்றது. என் முகத்தைப் பார்த்து ஓட்டுநர் பதறிக் கதவைத் திறந்தார். “ஏறும்மா, எங்க போகணும்? கால் மணியில விட்டுடறேன்.”

வேண்டாம் அண்ணா என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தேன்.