வலியைத் திருடியவருக்கு விசிறி வீசினேன்

சபைக்கு நடுவே நிலவென வீற்றிருந்து, இப்போதே கடிகாரத்தைக் காட்டி என்னை மிரட்டும் தலைவர் மொய்னுதீன் அவர்களே! முதுமை வந்தும் முதுகு வளையாத பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்த அன்னையர்களே, அணைக்க மறந்து வந்த அன்னையர்களே! காற்று வாங்க வந்து என்னிடம் மாட்டிக்கொண்ட காளையர்களே! வணக்கம்.

மீன்கூடை சுமக்கும் அஞ்சம்மாளை அறிவீர்கள். அவர் கணவர் பலராமன் முதுகில் கட்டி வந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காத வலிமருந்து ஒன்றுதான் அவரைச் சற்றே தூங்கவைக்கிறது. சீட்டோ பிரெஞ்சில். பிரெஞ்சில் எது வந்தாலும் தட்சிணாமூர்த்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது நம் தெரு வழக்கம். அஞ்சம்மாளும் கொடுத்தார். "சாயந்திரம் வந்து வாங்கிக்கோம்மா" என்றார் அந்தக் கனவான்.

அன்று மதியம், பெரிய கடைத்தெரு மருந்துக்கடையில் வயிற்றுப்பொருமலுக்கு மருந்து வாங்க நின்றேன். (என்ன ஐயா சிரிப்பு? என் வயிற்றுக்குத் தனிக்கூட்டம் போடலாம், இன்று வேண்டாம்.) முகத்தை மூடிய துண்டு, கிழிந்த லுங்கி, கையில் தடி. முனகிக்கொண்டே வந்து சீட்டை நீட்டியவர், தாம்தான் பலராமன் என்றார். என்ன முனகல்! என்ன நெளிவு! என் முக்காலியை அவருக்குத் தந்தேன். கடைக்காரர் விசிறியைப் பிடுங்கி வீசினேன். பக்கத்துக் கடை ஜலால் சோடா உடைத்துக் கொடுத்தார். மருந்து கைக்கு வந்ததும் மனிதர் தடியை மறந்தார், நொண்டலை மறந்தார். துண்டு நழுவியது. நம் தட்சிணாமூர்த்தி! நான் விசிறியும் கையுமாக வாய் பிளந்து நிற்க, அவர் ஏறிய, ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டி தெரு திரும்பிவிட்டது.

மாலையில் சீட்டு அஞ்சம்மாளிடம் திரும்பியது. அதில், மருந்து கொடுத்தாயிற்று என்ற மருந்துக்கடை முத்திரை ஏற்கெனவே விழுந்திருந்தது. அவர் போன கடையில் மருந்து தரவில்லை; போலீசைத்தான் கூப்பிட்டார்கள். ஆளை அனுப்பி மருந்து வாங்கி விற்றாராம் அஞ்சம்மாள்! நாளை விசாரணை. நேற்று என்னிடம் அவர் கேட்டது இதுதான்: "நான் ஜெயிலுக்குப் போனா போறேன் சாமி. அவருக்கு மருந்து யாரு வாங்கியாந்து குடுப்பாங்க?"

பிரெஞ்சுக்காரர் கப்பல் ஏறினார். சட்டம் கப்பல் ஏறியதா? இல்லை! ஆள்மாறாட்டம் செய்து மருந்து பறிப்பது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். ஆனால் சட்டத்துக்குக் கண் எது? கண்டவன் வாய்! கண்டவர், என்னையும் சேர்த்து, ஏன் இதுவரை பேசவில்லை? சிரிப்பார்கள் என்ற வெட்கமா? அதுமட்டுமா? தட்சிணாமூர்த்தியைப் பகைத்துக்கொண்டால் பிரெஞ்சில் வரும் நம் பென்சன் தாளை யார் படிப்பார் என்ற பயம்! நம் தாளைப் படிக்க ஒருவர் வேண்டும் என்பதற்காக, வலியில் துடிக்கும் ஒருவனை விற்பதா? அந்த விற்பனைக்கு நான் உடன்பட மாட்டேன்! திருடனுக்கு விசிறிய திருவாளர் என்று ஊர் சிரிக்கட்டும். நாளை காலை, விசிறியோடு சாட்சிக் கூண்டேறுவேன்!

யாரது, பின்வரிசையில் எழுந்தது? ஜலால் பாயா? உரக்கச் சொல்லுங்கள்.

"சோடா குடுத்தது நான். நானும் வரேன்."

கேட்டீர்களா, தாய்மார்களே? அஞ்சம்மா, தலை நிமிர்ந்து உட்காருங்கள். நாளை நீங்கள் தனியாகப் போகப்போவதில்லை. பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி. எழுந்து நின்ற ஒருவருக்கு என் முதல் வணக்கம்!